வெட்டிய சிறகில் முளைத்த குருத்து: ஒரு காக்டெயில் கிளியின் முதல் இறகுதிர்வு

பின்னணி

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே உள்ள ஒரு ஊரில், விவசாயக் குடும்பம் ஒன்றின் வீட்டில் நடந்தது இது. வீட்டில் கணவர், மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், அவள் அப்பாயி என்று கூப்பிடும் கணவரின் தாயார். மூத்த மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதற்கு முன், பங்குனியில், ஒரு காக்டெயில் கிளியை வாங்கி வீட்டில் விட்டுப் போனார். சாம்பல் நிறக் குஞ்சு, அப்போது வயது இரண்டரை மாதம் இருக்கும். ஆணா பெண்ணா என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. பறந்து போய்விடக் கூடாது என்று இரண்டு சிறகிலும் நீள இறகுகளைக் கடையிலேயே வெட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுப்பது இந்தப் பக்கத்தில் வழக்கம்தான். வாங்குகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

நான் பல வருடமாகக் காக்டெயில் வளர்க்கிறவன், மருத்துவன் அல்ல. அந்த வீட்டு அக்கா எங்களுக்குத் தூரத்து உறவு, அதனால் கூப்பிட்டார்கள். மருத்துவம் சார்ந்த முடிவுகளை எடுத்தவர் பறவைகளைப் பார்த்துப் பழக்கமுள்ள ஒரு கால்நடை மருத்துவர். குடும்பத்தின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். காக்டெயில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பறவை, கூண்டில் பிறந்து வளர்வது. நம் தென்னை மரப் பொந்துகளில் குஞ்சு பொரிக்கும் பச்சைக்கிளி அப்படி அல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். அடிபட்ட பச்சைக்கிளி கையில் கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த வீட்டிலேயே அப்பாயி, "இந்த வெள்ளக்காரக் கிளி எதுக்கு, மரத்துக் குஞ்சு ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறார். மகள்தான் தடுத்தாள்.

ஆனி கடைசி: முதலில் கண்டவை

கிளிக்கு ஆறு மாதம் ஆகும் சமயத்தில் கூண்டின் அடியில் சின்னச் சின்ன இறகுகள் விழ ஆரம்பித்தன. முதலில் மார்பிலிருந்து பூப்போன்றவை, அப்புறம் கழுத்துப் பக்கம். கூண்டைச் சுற்றி வெள்ளைத் தூள். கிளி பகலிலேயே தூங்கியது, தலையைத் தொட்டால் சீறியது. எப்போதும் தூக்கியிருக்கும் கொண்டை படிந்தே இருந்தது. தலையெங்கும் முள் முள்ளாக ஏதோ முளைத்திருந்தது. "சொறி புடிச்சிருச்சு தம்பி, கை வைக்க விட மாட்டேங்குது" என்று அக்கா போனில் சொன்னார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது தலையும் கழுத்தும் பிசுபிசுவென்று இருந்தன. அப்பாயி தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவியிருந்தார். பிள்ளைக்குச் சொறி வந்தால் செய்வதைக் கிளிக்கும் செய்திருக்கிறார், அன்பினால் செய்ததுதான். ஆனால் எண்ணெய் பட்ட இறகு ஒட்டிப்போய்விடும், உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது. அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும்.

கூண்டு கூடத்தில், டி.வி.க்கு எதிரே தொங்கியது. இரவு பதினொரு மணி வரை விளக்கும் சத்தமும். ராத்திரி முழுக்கக் கூண்டுக்குக் கீழே கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. தீனி என்றால் தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும், அதிலும் சூரியகாந்தியைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தினையை இறைத்துக்கொண்டிருந்தது. கூண்டில் கடையில் கொடுத்த வழவழப்பான பிளாஸ்டிக் குச்சி ஒன்றுதான்.

உடம்பில் எங்கும் மொட்டைத் திட்டு இல்லை. இதை முதலில் தேடிப் பார்த்தேன். சாதாரண இறகுதிர்வில் பழைய இறகு விழ விழ அடியிலேயே புதியது கிளம்பும், தோல் தெரியும்படி வழுக்கை விழாது. அப்படி விழுந்தால் தானாகப் பிடுங்கிக்கொள்கிறதா, பூச்சியா, நோயா என்று வேறு வழியில் யோசிக்க வேண்டும். இங்கே அது இல்லை. எச்சம் சரியாக இருந்தது, தீனி எடுத்தது. இரண்டு நாள் கழித்துக் கிளியை மருத்துவரிடம் கொண்டுபோனோம். எடை 84 கிராம். எச்சத்தைப் பரிசோதித்தார், சிறகின் அடிப்பக்கம் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார், ஒன்றும் இல்லை. வயதுக்கு வந்த முதல் இறகுதிர்வு என்றார். எண்ணெய் பட்ட இடம் சிறியது, அந்த இறகுகள் எப்படியும் விழப் போகின்றன, அதற்காகச் சோப்புப் போட்டுக் கழுவிக் கிளியை அலைக்கழிக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

மஞ்சள் முகம்

அடுத்த வாரம் புதிதாக ஒரு பயம். கிளியின் முகம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அப்பாயி தடவிய மஞ்சள்தான் போகவில்லை என்று வீட்டார் முதலில் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் காமாலை என்று சொல்லிவிட, கீழாநெல்லி அரைக்கும் அளவுக்குப் போய்விட்டது.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் கன்னத்தை மெதுவாக ஒற்றிப் பார்த்தோம். கழுத்தில் மிச்சமிருந்த பழைய இறகில் பஞ்சு லேசாக மஞ்சளானது. முகத்தில் வைத்தபோது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. இன்னும் கிட்டே பார்த்தால், கொண்டைக்குக் கீழே ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் உறை உடைந்து, ஊசி முனை அளவுக்கு எலுமிச்சை மஞ்சள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இறகே மஞ்சளாக முளைக்கிறது. சாம்பல் நிறக் காக்டெயிலில் ஆண் குஞ்சுக்கு முதல் இறகுதிர்வில்தான் முகம் பளிச்சென்று மஞ்சளாகும், வாலின் அடியில் இருக்கும் கோடுகளும் மறையும். பெண்ணுக்கு முகம் பெரும்பாலும் சாம்பலாகவே இருக்கும், வால் கோடுகள் போகாது. ஆக, கிளி ஆண் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மகள் உடனே சிங்கப்பூருக்கு வீடியோ அழைப்பு போட்டாள்.

காமாலைப் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பறவைகளின் பித்தநீரில் பெரும்பாலும் பச்சை நிறமிதான். ஈரல் கெட்டால் அது எச்சத்தில் தெரியும், வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி பச்சையாகவோ மஞ்சள் பச்சையாகவோ மாறும். முகத்து இறகு மஞ்சளாவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கூண்டில் விரித்திருந்த செய்தித்தாளில் எச்சத்தின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கீழாநெல்லி நிறுத்தப்பட்டது.

முதல் கட்ட முடிவுகள்

இறகின் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் புரதம். அத்தனை இறகையும் சில மாதத்துக்குள் புதிதாகச் செய்ய வேண்டிய உடம்புக்கு வெறும் விதை போதாது. விதையில் கொழுப்பு உண்டு, வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. அதனால் தீனியை மாற்றுவது என்று முடிவானது. ஒரே நாளில் மாற்றவில்லை. காக்டெயில் பிடிவாதமான பறவை, தெரியாத தீனியைத் தொடாமல் பட்டினி கிடக்கும். இறகுதிர்வின்போது பட்டினி ஆகாது.

சூரியகாந்தியைப் பாதியாகக் குறைத்து, காலையில் பசியோடு இருக்கும்போது அவித்த முட்டையைப் பொடித்து வைத்தார்கள். ஆடி வெயிலில் முட்டை சீக்கிரம் கெடும் என்பதால் ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. முளைகட்டிய பச்சைப்பயறு, துருவிய கேரட், கொல்லையில் இருந்த முருங்கையின் கொழுந்து. கடைக்கீரை வேண்டாம் என்றேன், எந்தத் தோட்டத்தில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று தெரியாது. முருங்கைக் கொத்தைத் துணி கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டபோது கிளி முதலில் மூலைக்கு ஓடியது. அக்கா அதன் எதிரே நின்று தானே இரண்டு இலையை வாயில் போட்டு மென்று காட்டியிருக்கிறார்கள். அப்புறம் அதுவும் கடித்துப் பார்த்திருக்கிறது. காக்டெயில் கூட்டத்தோடு தின்னும் பறவை, இந்த வழி நன்றாகவே பலிக்கும். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை வைத்தோம். நாகப்பட்டினம் பக்கம் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடுதான் அது. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுத்து, வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டினால் போதும்.

தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்து ஒன்றை மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்புவதாகச் சொன்னார். மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார். வெயிலில் அந்தத் தண்ணீர் சீக்கிரம் கெடும், ருசி பிடிக்காவிட்டால் பறவை தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும்.

குளியல் காலை பத்து மணிவாக்கில். ஸ்பிரேயர் பாட்டிலில் வெறும் தண்ணீர், மேலே தெளித்து மழைபோல விழவிட்டு, மின்விசிறி இல்லாமல் தானே காயவிடுவது. ஆடிக் காற்றில் முள்ளின் உறை காய்ந்து இறுகி அரிப்பைக் கூட்டும், ஈரம் அதை இளக்கும். சாயங்காலம் குளிப்பாட்டக் கூடாது, ஈரத்தோடு தூங்கப் போகும்.

கொசுவத்தியும் சாம்பிராணியும் கூண்டு இருக்கும் அறையில் நின்றன. பறவையின் மூச்சு நம்முடையதைப் போல நுரையீரலோடு முடிவதில்லை, உடம்புக்குள் காற்றுப் பைகள் வரை போகிறது. புகை அதற்குப் பெரிய கேடு. கூண்டை டி.வி. இல்லாத உள்ளறைக்கு மாற்றி, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கவிடுவது என்று பேசினோம்.

தினமும் காலையில் தீனி வைக்கும் முன் எடை பார்க்கும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். சமையலறை எலக்ட்ரானிக் தராசில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால் கிளி அதன்மேல் ஏறி நிற்கும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அந்த எண்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தக் குறிப்பை எழுத எனக்கு அதுதான் ஆதாரம்.

ஆவணியில் ஓர் இரவு

கொசுவத்தியை நிறுத்தியதும் கொசு கிளியைக் கடிக்கும் என்று வீட்டார் கவலைப்பட்டார்கள். கூண்டை ஒரு பழைய கெட்டிப் போர்வையால் நாலா பக்கமும் மூடினார்கள். உள்ளே கும்மிருட்டு.

ஆவணி முதல் வாரம் ஒரு இரவில் இடி இடித்து, கரண்ட் போய், காற்றும் மழையுமாக அடித்தது. கூண்டுக்குள் படபடவென்று சத்தம். அக்கா கைபேசி வெளிச்சத்தில் போர்வையை விலக்கினால் கிளி கூண்டின் அடியில் கிடக்கிறது, செய்தித்தாளில் ரத்தம், இடது சிறகு தொங்குகிறது.

காக்டெயில்களுக்கு இந்த இரவு மிரட்சி அதிகம். இருட்டில் எதற்கோ பயந்து எழும்பும், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கம்பியில் மோதும். மற்ற நாளில் நாலு இறகு உதிர்வதோடு போயிருக்கும். இந்தக் கிளியின் சிறகில் அன்று இருந்த நிலைமைதான் அதை ரத்தத்தில் கொண்டுபோய் விட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த நிகழ்விலிருந்து மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

வளர்ந்து முடிந்த இறகு நகத்தைப் போன்றது, வெட்டினால் வலிக்காது, ரத்தமும் வராது. வெட்டிய கட்டை மறுபடி நீளவும் நீளாது. அடுத்த இறகுதிர்வில் அது விழுந்து அந்த இடத்தில் புதிது முளைத்தால்தான் உண்டு. அப்படி முளைக்கும் புதிய இறகு, உறைக்குள் சுருண்ட குருத்தாகத்தான் வெளியே வரும். வளர்ந்துகொண்டிருக்கும் வரை குருத்தின் தண்டுக்குள் ரத்தம் ஓடும், அடிப்பக்கம் கருநீலமாகத் தெரியும். இறகு முற்ற முற்ற ரத்தம் கீழே வடிந்து, உறை வெளுத்துக் காய்ந்து உதிரும்.

வெட்டாத சிறகில் இந்தக் குருத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. நீள இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் விழுவதில்லை. இடது சிறகில் ஒன்று விழுந்தால் வலது சிறகிலும் ஏறக்குறைய அதே சமயத்தில் அதே இடத்து இறகு விழும், மற்றவை அப்படியே இருக்கும். அதனால் குருத்துக்கு இரண்டு பக்கமும் நீளமான பழைய இறகுகள் அணைவாக நின்று அடியைத் தாங்கிக்கொள்ளும். வெட்டிய சிறகில் பக்கத்தில் இருப்பதெல்லாம் கட்டைகள். ரத்தம் நிறைந்த குருத்து மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். போதாததற்கு, வெட்டிய கிளி பயந்து எழும்பினால் பறந்து இறங்க முடியாமல் பொத்தென்று விழுகிறது. அதுதான் அன்று நடந்தது. இடது சிறகின் வெளிப்பக்கக் குருத்து ஒன்று நடுவில் ஒடிந்திருந்தது.

அக்கா என்னைக் கூப்பிட்டபோது குரல் நடுங்கியது. கிளியைப் பிடிப்பதற்கு முன் அறையில் ஒரு எமர்ஜென்சி விளக்கை ஏற்றி, பேர் சொல்லிப் பேசிக்கொண்டே இருங்கள் என்றேன். மிரட்சி அடங்காமல் கையை விட்டால் இன்னும் அடித்துக்கொள்ளும். அடங்கியதும் மெல்லிய துண்டால் போர்த்தி எடுக்க வேண்டும், மார்பை இறுக்கவே கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். கழுத்தின் இரண்டு பக்கமும் விரலை வைத்து, உடம்பைத் துண்டோடு தளர்வாக ஏந்தச் சொன்னேன். மகள் சிறகை விரித்தாள். கார்ன்ஃப்ளவர் மாவை விரல் நுனியில் எடுத்து, ஒடிந்த குருத்தின் முனையில் வைத்து விடாமல் அழுத்திப் பிடித்தார்கள். அப்பாயி மஞ்சள்தூளைக் கொண்டுவந்தார். வேண்டாம், மாவு போதும் என்றேன். சில நிமிடங்களில் ரத்தம் நின்றது.

எவ்வளவு போயிருக்கும் என்பது அடுத்த கேள்வி. பறவையின் உடம்பில் ரத்தம் எடையில் பத்தில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் இந்தக் கிளிக்கு மொத்தமே 8 மில்லி சொச்சம், ஒன்றரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல். அதிலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மில்லிக்குள் போனால் நல்ல உடம்புள்ள பறவை தாங்கிக்கொள்ளும். செய்தித்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இருபது ரூபாய் நாணய அளவில் ஒரு கறையும் தெறித்த சொட்டுகளும். கிளி நிமிர்ந்து நின்றது, கண் திறந்திருந்தது. இரவில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், காலையில் முதல் வேலையாக மருத்துவரிடம் போகலாம், அதுவரை யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தோம். மறுபடி ரத்தம் வந்து மாவுக்கு நிற்காவிட்டால் நேரம் பார்க்காமல் கிளம்புவது என்றும் பேசிக்கொண்டோம். அக்கா விடிய விடியத் தூங்கவில்லை.

மறுநாள்: பிடுங்குவதா, விடுவதா

கிளி விற்ற கடையில் கேட்டதற்கு, இடுக்கியால் பிடுங்கி எறிந்தால் சரியாகிவிடும் என்றிருக்கிறார்கள். வீட்டில் யாரும் அதைச் செய்யாதது நல்லது. சிறகின் நீள இறகுகள் தோலில் மட்டும் நிற்பதில்லை, வேர் எலும்புவரை போய்ப் பிடித்திருக்கிறது. தெரியாத கை இழுத்தால் எலும்பு ஒடியலாம், இறகு முளைக்கும் குழி கிழிந்து அடுத்த இறகு கோணலாக வரலாம் அல்லது வராமலே போகலாம். ரத்தம் நின்றுவிட்டால் ஒடிந்த குருத்தை அப்படியே விடலாம், அது காய்ந்து தானே விழும்.

ஆனால் விடிகாலையில் கிளி சிறகை உதறியதும் திரும்பவும் ரத்தம் கசிந்தது. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, இனி ஒவ்வொரு உதறலுக்கும் இது திறக்கும் என்று சொல்லி எடுத்துவிட முடிவு செய்தார். உதவியாளர் சிறகின் எலும்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, குருத்தை அடியில் கவ்வி, வளரும் திசையிலேயே நேராக ஒரே இழுப்பில் எடுத்தார். குழியைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்ததும் நின்றது. எடை 79 கிராம். வலிக்கு ஒரு மருந்து, கதகதப்பான இடம், ஓய்வு. வெட்டிய கட்டை இறகுதிர்வு வரை காத்திருக்க வேண்டும், ஆனால் வேரோடு வந்த இடத்தில் சில வாரங்களில் புது இறகு கிளம்பும் என்று அவர் சொன்னதில் மகளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கூண்டை மாற்றியது

இரண்டு சிறகிலும் இன்னும் பாதுகாப்பில்லாத குருத்துகள் நின்றன. ஆகவே அடுத்த சில வாரங்களுக்கு விழுந்தாலும் அடிபடாத கூண்டு தேவைப்பட்டது. குச்சிகளைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு இறக்கினோம். பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, கால் பிடிப்புக்குத் தோதாகக் கொய்யாக் கிளையைப் பட்டையோடு வைத்தோம். ஊஞ்சலும் மணியும் வெளியே போயின. அடியில் மடித்த பருத்திப் புடவை, அதன்மேல் செய்தித்தாள்.

போர்வை நீங்கியது. கூண்டுக்குக் கொஞ்சம் வெளியே தள்ளி, கிளியின் நகம் சிக்காதபடி கொசுவலை கட்டினார்கள். சுவரில் பல்லி ஓடுவதுகூட கிளியை மிரட்டும் என்பதால் கூண்டைச் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி வைத்தோம். ஜீரோ வாட் பல்பு ஒன்றை இன்வெர்ட்டர் லைனில் போட்டார் வீட்டுக்காரர். டெல்டாவில் இந்த ஒரு விஷயத்தை யாரும் விட்டுவிடக் கூடாது. இரவு விளக்கு தேவைப்படுவதே கரண்ட் போகும் நேரத்தில்தான்.

அதற்கப்புறமும் இடி மழை வந்தது. ஒருமுறை கிளி படபடத்தது, ஆனால் மங்கலான வெளிச்சத்தில் குச்சியைக் கண்டுபிடித்துத் திரும்ப ஏறிவிட்டது.

தலைக் குருத்துகள்

உடம்பில் வரும் குருத்துகளின் உறையைக் கிளி தானே அலகால் உரித்துக்கொள்ளும். தலைக்கும் கழுத்தின் மேற்பகுதிக்கும் அலகு எட்டாது. ஜோடி இருந்தால் அது கோதிவிடும். தனியாக வளரும் கிளிக்கு அந்த வேலையை மனிதர்தான் செய்ய வேண்டும். கை வைத்து உதவ வேண்டிய இடம் இது ஒன்றுதான், அதற்கும் காலம் பார்க்க வேண்டும்.

மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இது. குளித்துக் காய்ந்த பிறகு உட்கார். குருத்து முழுக்க வெளுத்துச் சுண்ணாம்பு போல இருக்கிறதா என்று பார். அடியில் கருநீலமோ சிவப்போ தெரிந்தால் கையை எடு. வெளுத்ததிலும் நுனியில் மட்டும் ஆரம்பி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக உருட்டு, நகத்தால் கிள்ளாதே, இழுக்காதே. தலை, கழுத்து தவிர வேறெங்கும் தடவாதே, முதுகைத் தடவினால் அதை இணை சேரும் அழைப்பாக எடுத்துக்கொள்ளும்.

முதல் தடவை அவள் இளங்குருத்து ஒன்றைத் தொட்டுவிட்டாள். கிளி கீச்சென்று கத்தி விரலைக் கவ்வியது. ரத்தமும் உணர்ச்சியும் இருக்கும் இடம், வலிக்கத்தான் செய்யும். அவள் அழவில்லை, அன்றைக்கு விட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து நான் பார்க்கும்போது, கன்னத்து ஆரஞ்சுப் பொட்டுக்கு மேலே ஒரு வெள்ளை முள்ளை உருட்டிக்கொண்டிருந்தாள். உறை பொடிப்பொடியாக உதிர்ந்து பாவாடையில் விழ, உள்ளே மடங்கியிருந்த மஞ்சள் இறகு மெல்ல விரிந்தது. கிளி தலையைக் கவிழ்த்து, கண்ணை மூடி, கழுத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நீட்டியது. அவள் நிறுத்தினால் விரலை அலகால் தட்டியது. அந்தத் தூளை மூச்சில் இழுக்காமல் இருக்க, ஜன்னலைத் திறந்துவைத்து மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். காக்டெயில் இயல்பிலேயே தூள் அதிகம் விடும் பறவை, வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இந்த வேலையை அவருக்குக் கொடுக்கக் கூடாது.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை

புரட்டாசி பிறந்ததும் அந்த வீட்டில் முட்டை நின்றது. கிளிக்கென்று தனியாக அவிப்பதிலும் அப்பாயிக்கு இஷ்டமில்லை. அந்த மாதம் முழுக்க முளைப்பயறை அதிகமாக்கி, நன்றாக வெந்த கொண்டைக்கடலையை மசித்து உப்பில்லாமல் கொடுத்தார்கள். எடை இறங்கவில்லை. புரட்டாசி நடுவில் 87, ஐப்பசியில் 92 கிராம்.

வால் இறகுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. முதலில் முளைத்தவற்றில் குறுக்கே மயிரிழை போன்ற மங்கல் கோடுகள் இருந்தன. இறகு வளரும் சமயத்தில் சத்துக் குறைவோ பெரிய அதிர்ச்சியோ இருந்தால் அந்த இடம் பலவீனமாக அமைந்து இப்படிக் கோடு விழும். ஆவணிக் கடைசிக்குப் பிறகு வந்த இறகுகளில் அந்தக் கோடு இல்லை. தீனியும் தூக்கமும் சரியானதை இதைவிட நேராக வேறெதுவும் காட்டியிருக்காது.

ஐப்பசியில் இரண்டு சிறகும் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டன. மருத்துவர் எடுத்த இடத்தில் புது இறகு நேராகவே வந்தது, பக்கத்து இறகுகளைவிடக் கொஞ்சம் குட்டையாக இருந்து கார்த்திகையில் சமமானது. கிளி உள்ளறையிலிருந்து கூடம்வரை பறந்தது. வீட்டுக்காரருக்கு அது புதுக் கவலை. தீபாவளிக்குள் திரும்ப வெட்டிவிடலாமா என்று கேட்டார். பக்கத்தில் ஆறு, பின்னால் கிணறு, மேலே ஃபேன், எல்லாமே நியாயமான பயம்தான். ஆனால் வெட்டினால் அடுத்த இறகுதிர்வில் இதே கதை. மாற்றாக, இரண்டு ஜன்னலுக்கு வலை அடித்தார்கள். கிளி வெளியே இருக்கும் நேரத்தில் ஃபேன் சுவிட்சின் மேல் ஒரு பட்டையை ஒட்டினார்கள், சமையலறைக் கதவு மூடியே இருந்தது. தீபாவளி இரவில் கூண்டை நடு அறையில் வைத்து, விளக்கு போட்டு, ரேடியோவை மெல்லப் பாடவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

கொசுவத்தியை எடு என்று சொல்லும் வீட்டில் அன்றைக்கே வலையைக் கட்டி முடித்துவிட வேண்டும். ஒன்றை எடுத்து இடத்தைக் காலியாக விட்டால், வீட்டார் கையில் கிடைப்பதைக் கொண்டு அதை நிரப்புவார்கள், இங்கே அது கெட்டிப் போர்வையாக இருந்தது. வெட்டிய சிறகோடு வந்த கிளிக்கு முதல் சிறு இறகு உதிரும்போதே குச்சியை இறக்குவதும் இரவு விளக்குப் போடுவதும் நடந்திருக்க வேண்டும். நீளக் குருத்து வெளியே வரும் வரை காத்திருக்கக் கூடாது.

கடைகளில் குஞ்சின் சிறகை வெட்டிக் கொடுப்பது நிற்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். பறக்கக் கற்றுக்கொள்ளும் வயதில் வெட்டுவதால் அது பறக்கவும் பழகுவதில்லை, விழாமல் இறங்கவும் பழகுவதில்லை. வாங்குகிறவர்கள் "வெட்டாதீங்க" என்று சொன்னால் கடைக்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஏற்கெனவே வெட்டிய கிளி வீட்டில் இருந்தால், அந்தக் கட்டைகள் எப்போது விழத் தொடங்குகின்றன என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்பதைக் கிளி வாங்கும் அன்றே விசாரித்து எண்ணை எழுதி வைக்க வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம். ரத்தம் சொட்டும் ராத்திரியில் தேட ஆரம்பிப்பது கஷ்டம். கார்ன்ஃப்ளவர் பொட்டலம், மெல்லிய துண்டு, சார்ஜ் ஏற்றிய விளக்கு, இந்த மூன்றும் இப்போது அந்த வீட்டில் கூண்டுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கின்றன. எண்ணெய்க் கிண்ணத்தை அப்பாயி தானாகவே அங்கிருந்து எடுத்துவிட்டார்.